மலையகத்தில் இருந்தபடி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தல்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, மாத்தளைப் பக்கத்து ஆசிரியர்களும், கல்வியியற் கல்லூரி முடித்துவிட்டு நியமனத்துக்காகக் காத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஊரில் இருந்தபடி இணையத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதை நான் ‘ஏற்றுமதி’ என்றே சொல்லிவருகிறேன். வரி பற்றிச் சொல்லியிருப்பது 2025/26 வரி ஆண்டுக்கானது. வரி விதிகள் மாறக்கூடியவை, ஆகவே காசு விஷயத்தில் கடைசி வார்த்தையை வங்கியிலும் இறைவரித் திணைக்களத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் டியூசன் எடுப்பதைப் போய் ‘ஏற்றுமதி’ என்று ஏன் பெரிதாகச் சொல்கிறீர்கள்?

வங்கியும் இறைவரித் திணைக்களமும் அதை அப்படித்தான் பார்க்கின்றன. டொரன்டோவில் இருக்கிற தகப்பன் உங்கள் வகுப்புக்குக் கட்டணம் அனுப்பினால் நாட்டுக்குள் வெளிநாட்டு நாணயம் வருகிறது. அது சேவை ஏற்றுமதி.

1995இல் நடைமுறைக்கு வந்த காட்ஸ் எனும் சேவை வர்த்தக உடன்படிக்கை, சேவை எல்லை தாண்டும் வழிகளை நான்காகப் பிரிக்கிறது. நீங்கள் கொட்டகலையில் இருந்தபடி கனடாப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு வழி. அந்தப் பிள்ளை விடுமுறைக்கு இங்கே வந்து ஒரு மாதம் தமிழோ பரதமோ படிப்பது இன்னொரு வழி. நீங்கள் அங்கே போய்க் கிளை திறப்பது மூன்றாவது. மாலைதீவுக்குப் போய்ச் சம்பளத்துக்குப் படிப்பிப்பது நாலாவது. வேலைக்கு ஆளை அனுப்பிப் பழகியவர்கள் நாம், அதனால் நாலாவது வழிதான் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வரும். இந்தப் பக்கம் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியது. அதில் ஆசிரியர் ஊரிலேயே இருக்கிறார்.

விற்கிற அளவுக்கு எங்களிடம் அப்படி என்ன இருக்கிறது? கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் நம்மைவிடப் பெரிய ஆசிரியர்கள் இருக்கிறார்களே.

கணிதம், விஞ்ஞானம் என்று போனால் உங்கள் கவலை நியாயம். சென்னையில் இருந்து ஆயிரக்கணக்கானோர் அதே கடையை விரித்திருக்கிறார்கள். ஆனால் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வேலை செய்த ஆசிரியரிடம் மற்றவர்களிடம் லேசில் கிடைக்காத ஒரு கைத்தேர்ச்சி இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதைத் தேர்ச்சி என்றே நினைப்பதில்லை. ஆசிரியர் பற்றாக்குறையால் இரண்டு மூன்று தரங்களை ஒரே அறையில் உட்கார வைத்து, ஒருவராகவே சமாளிக்கிறார்களே, அந்தப் பல்தரக் கற்பித்தலைத்தான் சொல்கிறேன்.

இதை அப்படியே லண்டனிலோ சூரிச்சிலோ நடக்கிற சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியோடு சேர்த்துப் பாருங்கள். அங்கேயும் ஆறு வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே மேசையில் இருக்கும். ஒரு பிள்ளைக்கு வீட்டில் அப்பம்மா இருப்பதால் தமிழ் சரளமாக வரும், பக்கத்துப் பிள்ளைக்கு ‘வா, போ, சாப்பிடு’ தவிர ஒன்றும் வராது. படிப்பிக்கிறவர் வாரநாளில் தாதியாகவோ கணக்காளராகவோ வேலை செய்கிற தொண்டர். மொழிப்பற்று நிறைய, பயிற்சி குறைவு. அவர் திணறுகிற இடமும் உங்கள் கை பழகின இடமும் ஒன்றுதான்.

ஒரு பாடத்தைச் சொல்கிறேன். திரையில் ஒரு சந்தைப் படம், ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போனில் எடுத்ததே போதும். வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். சின்னவர்கள் கண்ணில் படுகிற காய்கறியின் பெயரைச் சொல்கிறார்கள்: லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட். நடுவில் உள்ளவர்கள் ஆளுக்கு இரண்டு வசனம் எழுதுகிறார்கள். பெரியவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து விலை பேசுகிற உரையாடல் எழுதுகிறார்கள். சின்னவர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் உள்ளவர்களின் கொப்பியைக் கமராவுக்குக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடலாம். கடைசிப் பத்து நிமிடம் பெரியவர்கள் நடித்துக் காட்ட, சின்னவர்கள் காய் வாங்குகிறார்கள். ஒரே படம், மூன்று வேலை, யாரும் சும்மா இருக்கவில்லை. தரம் 3, 4, 5 ஐச் சேர்த்து எடுத்த எந்த ஆசிரியருக்கும் இதில் புதிதாக ஒன்றுமில்லை. வெளிநாட்டில் இருக்கிற தொண்டர் ஆசிரியர் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்வார்.

ஆகவே பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடத்திட்டம், பணித்தாள்கள் ஆகியவையும் விற்பனைப் பொருள்தான். என் அபிப்பிராயத்தில் நல்ல வருமானம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பிறகு கட்டடமும் பயிற்சியும் கொடுக்கச் சுவீடனின் அபிவிருத்தி உதவி நிறுவனமான சீடா வந்தது. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழ ஜெர்மனியின் அதே மாதிரி நிறுவனமான ஜி.டி.இசட். கைகொடுத்தது. கல்வி நிபுணத்துவத்தை நாம் பல வருடம் இறக்குமதி செய்தவர்கள். அதில் கற்றதையும் வகுப்பறையில் நாமாகக் கண்டுபிடித்ததையும் சேர்த்து இப்போது அதே ஐரோப்பாவுக்கு அனுப்புவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

யார் வாங்குவார்கள்?

முதலில் புலம்பெயர்ந்த இலங்கைத் தமிழர்: கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா. இங்கே தேவை இரண்டு விதம். ஒன்று, பேச வராத பிள்ளைக்குப் பேச்சு. மற்றது, தேர்வு. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் எச்.எஸ்.சி. எனும் பாடசாலை இறுதித் தேர்வில் தமிழ் ஒரு பாடம். ஐரோப்பாவின் தமிழ்ப் பள்ளிகள் வருடாந்தத் தமிழ்த் தேர்வுகள் நடத்துகின்றன. தேர்வு கேட்கிற பெற்றோர் வகுப்பைப் பாதியில் விடமாட்டார்கள்.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடம். சந்தை பெரிது, ஆனால் அவர்களுடைய தேர்வு வடிவத்தை அங்கேயே பழகியவர்களோடு போட்டி போட வேண்டும். ஆரம்பத்திலேயே அங்கே போய் முட்டிக்கொள்ள வேண்டாம். மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளும் அவற்றுக்கான ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பணித்தாள், கதைப் புத்தகம் என்றால் பார்க்கலாம், வகுப்புக்கு இடம் குறைவு.

சங்கீதம், பரதம், மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் கிராக்கி உண்டு. மிருதங்கத்தில் மட்டும் ஒரு சிக்கல்: இணையத்தில் ஒலி ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பிந்தி வரும், சேர்ந்து வாசிக்க முடியாது. நீங்கள் வாசித்துக் காட்டி, பிள்ளை பிறகு வாசிக்க வேண்டும்.

அங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்தார். நம்ம பேச்சை ஏற்றுக்கொள்வார்களா?

சிலர் முதல் வகுப்பிலேயே கேட்பார்கள், சிலர் கேட்காமல் விலகிவிடுவார்கள். உண்மையை மறைப்பதில் பயனில்லை, மலையகத்தார் என்றால் ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிற பழக்கம் விமானம் ஏறியும் போயிருக்கிறது. அதற்காக யாழ்ப்பாணப் பேச்சை நடிக்க வேண்டாம், இரண்டாவது நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

செய்ய வேண்டியது வேறு. பிள்ளையின் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று முதல் சந்திப்பிலேயே தாயிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மம்மா ‘கதைக்கிறா’ என்று சொன்னால் பிள்ளை சொல்கிற ‘கதைக்கிறா’வைப் பிழை என்று திருத்தாதீர்கள். எழுத்துத் தமிழ் எல்லோருக்கும் பொது. பேச்சில் பிள்ளைக்கு அவளது வீட்டுத் தமிழ், உங்களுக்கு உங்களுடையது. இரண்டையும் கேட்டு வளர்கிற பிள்ளை தமிழ்நாட்டுக்குப் போனாலும் தடுமாறாது என்பதைத் தாய்மார் சீக்கிரம் கண்டுகொள்வார்கள். அடுத்த பிள்ளையையும் சேர்ப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட வீடுகள்தான்.

அவர்களுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணி என்றால் நமக்கு எத்தனை மணி?

லண்டன் என்றால் கோடையில் பிற்பகல் இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை. பாரிஸ், சூரிச், ஒஸ்லோவுக்கு ஒன்றரையும் இரண்டரையும். டொரன்டோவுக்கு இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. சிட்னிக்கு விடியற்காலை ஐந்தரை, அவர்களுடைய கோடையில் நாலரை. சிட்னிப் பிள்ளைகளை மாலை வகுப்புக்கு வரச் சொல்லுங்கள்.

நம் கடிகாரம் மாறாது, அவர்களுடையது மாறும். ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்றும். கனடா மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. இடையில் வருகிற அந்த ஓரிரு வாரங்களில் ஒரு வகுப்பு இடம்பெயர்ந்து இன்னொரு வகுப்பின் மேல் வந்து விழும். முன்கூட்டியே அட்டவணை போட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.

லயத்து வரிசை வீட்டில் இருந்து இது நடக்குமா? சிக்னல் வந்து போகிறது, கரண்ட் அதைவிட மோசம்.

நடக்கும், ஆனால் ஏற்பாடு வேண்டும். ஃபைபர் வராத தோட்டத்தில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் 4ஜி சிம் வைத்திருப்பது முதல் படி. வீட்டில் எந்த மூலையில் சிக்னல் நிற்கிறது என்று பார்த்து ரவுட்டரை அங்கே வையுங்கள், உங்கள் கதிரையை அங்கே வைக்க வேண்டியதில்லை. ரவுட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கினால் கரண்ட் போனாலும் வகுப்பு முடியும் வரை தாங்கும். தகரக் கூரை என்றால் தென்மேல் பருவ மழையில் உங்கள் குரல் பிள்ளைக்குக் கேட்காது, வாய்க்குப் பக்கத்தில் மைக் உள்ள ஹெட்செட் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். செய்மதி இணையமான ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இங்கே வந்துவிட்டது, ஆனால் ஒரு ஆசிரியர் தனியாகத் தாங்கக்கூடிய செலவு அல்ல. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நிலையம் போட்டால் யோசிக்கலாம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவோடு கரண்டும் போனும் சேர்ந்து போன இடங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அப்படியான நாளுக்கு யூபிஎஸ் போதாது. ‘வகுப்பு நடக்காவிட்டால் தவணை முடிவில் ஈடு செய்யப்படும்’ என்ற ஒரு வரியை, பிள்ளையைச் சேர்க்கும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஸூமின் இலவசக் கணக்கு நாற்பது நிமிடத்தில் துண்டித்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை, ஆகவே முதலில் அதுவே போதும்.

எவ்வளவு கேட்கலாம்? ஒரு ஏஜென்சி மணித்தியாலத்துக்கு இவ்வளவு ரூபா தருவதாகச் சொல்கிறது, சேரலாமா?

ஏஜென்சியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பெற்றோரிடம் நீங்கள் வாங்குவது எவ்வளவு? பதில் சொல்லாதவரோடு சேர வேண்டாம். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் பெரிய கங்காணி, பிரட்டு எனும் காலை ஆள்கணக்குக்கு ஆளைக் கூட்டிவந்து தலைக்காசு வாங்கின கதை நம் பாட்டன்மாருடையது. பிள்ளையின் தொலைபேசி இலக்கம் உங்களுக்குத் தெரியக்கூடாது, உங்கள் பெயர் விளம்பரத்தில் வராது, பாடக்குறிப்பு ஏஜென்சிக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் இதுவும் அதே கணக்குத்தான், லப்டொப் மட்டும் புதிது.

எல்லா இடைத்தரகரும் மோசம் என்று சொல்லவில்லை. மாணவரைத் தேடித் தருவதும், கட்டணம் வசூலிப்பதும், பெற்றோர் முறைப்பாட்டைக் கேட்பதும் வேலைதான், அதற்குக் கூலி உண்டு. முதல் ஆறு மாதம் பழகுவதற்கு ஒரு ஏஜென்சியில் இருப்பது தப்பில்லை. ஆனால் நீங்கள் தயாரித்த பணித்தாளின் அடியில் உங்கள் பெயர் இருக்கட்டும். அந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கட்டணத்தை மணித்தியாலத்துக்குச் சொல்லாமல் தவணைக்குச் சொல்லுங்கள்: பத்து வாரம், ஆறு பிள்ளைகள், முன்பணம். மணிக்கணக்கில் சொன்னால் தயாரிப்பு நேரமும், இரவில் தாய்மார் அனுப்புகிற குரல் பதிவுகளுக்குப் பதில் சொல்கிற நேரமும் கணக்கில் வராமல் போய்விடும். ஆளுக்கு வாரம் 6 பவுண்ட் என்று வைத்தால்கூட ஆறு பேருக்கு 36 பவுண்ட். தனி ஒருவருக்கு அந்த 36 பவுண்டைச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள், குழுவில் எல்லோருக்கும் மலிவு.

‘பாவம், தோட்டத்துப் பிள்ளை, உதவியாக இருக்கட்டும்’ என்று யாராவது கூடுதலாக அனுப்பினால் நன்றி சொல்லி அடுத்த தவணைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். இரக்கத்தில் சேர்ந்தவர் இரக்கம் ஆறியதும் போய்விடுவார்.

காசை எப்படிப் பெறுவது? அவர்கள் ஐபான் இலக்கம் கேட்கிறார்கள்.

ஐபான் என்பது ஐரோப்பாவில் பயன்படும் சர்வதேச வங்கிக் கணக்கு இலக்கம், இலங்கையில் அது இல்லை. கணக்கு இலக்கம், வங்கியின் சுவிஃப்ட் குறியீடு, கிளையின் பெயர், வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே உங்கள் பெயர் இவற்றைக் கொடுத்தால் போதும். பெயரில் முதலெழுத்து மாறினாலே காசு திரும்பிப் போகலாம். உங்கள் கிளையில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறக்கக் கேளுங்கள், இது கற்பித்தல் சேவைக்கு வருகிற பணம் என்றும் சொல்லிவையுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பற்றுச்சீட்டு எழுதி வைத்திருங்கள், வங்கி கேட்டால் காட்ட அதுதான் ஆதாரம்.

உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு மாற்றுகிற வழியில் வாங்காதீர்கள். நாணய மாற்றில் நாலு காசு கூடக் கிடைக்கும் என்பார்கள். அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம், கீழே சொல்லப்போகிற வரிச் சலுகையும் கையை விட்டுப் போகும்.

வரி கட்ட வேண்டுமா?

2025 மார்ச் 31 வரை இந்த வருமானத்துக்கு விலக்கு இருந்தது, இப்போது இல்லை. வெளிநாட்டில் பயன்படுத்தப்படும் சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில், வங்கி ஊடாக வருகிற வருமானத்துக்கு உச்ச வரி 15 வீதம். தனிநபர் விலக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், மிச்சத்துக்கு 15.

வேறு வருமானம் இல்லாத ஒருவர் வருடத்தில் 24 இலட்சம் பெற்றால் வரி 6 இலட்சத்தின் 6 வீதம், அதாவது 36,000 ரூபா. 40 இலட்சம் பெற்றால் 60,000மும் 1,80,000மும் சேர்ந்து 2,40,000. சம்பளமும் இருந்தால் 18 இலட்ச விலக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரு தடவைதான். டின் எனும் வரி செலுத்துவோர் இலக்கம் எடுங்கள், மார்ச் 31இல் முடிகிற வருடத்துக்கான விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுங்கள். பெரும்பாலானோருக்கு முதல் வருடத்தில் வரியே வராது. ஆனாலும் கணக்கு இருக்க வேண்டும்.

நான் அரச பாடசாலை ஆசிரியர். செய்யலாமா?

ஊதியத்துக்கு வெளிவேலை செய்யும் அரச ஊழியர் முன் அனுமதி பெற வேண்டும் என்பது தாபன விதிக்கோவை. அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். ‘எல்லோரும் எடுக்கிறார்கள்தானே’ என்பது விசாரணை வந்தால் நிற்காது. பாடசாலை நேரத்தில் ஒரு நிமிடமும் இதற்கு எடுக்க வேண்டாம், இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு ஆங்கிலம் தடுமாறும்.

பிள்ளையோடு தமிழில்தான் பேசப் போகிறீர்கள். பெற்றோரும் தமிழர். பள்ளி நிர்வாகத்துக்கு எழுதும் கடிதங்களுக்கு மட்டும் நண்பர் ஒருவரின் உதவி போதும். ஐரோப்பியப் பெற்றோர் ஏ1, ஏ2, பி1 என்று மொழித்தரம் கேட்பார்கள், அந்த அளவுகோலை மட்டும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடத்திட்டத்தை அந்தப் படிகளில் பிரித்துக் காட்டினால் உடனே விளங்கிக்கொள்வார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி என்ன எதிர்பார்ப்பார்கள்?

நம் ஊரில் கேட்பதைவிட நிறைய. பொலிஸ் நற்சான்று அறிக்கையை இணையத்தில் விண்ணப்பித்து எடுத்து வையுங்கள். முதல் வகுப்பில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளைக்கு நேரடியாகச் செய்தி அனுப்பாமல் எப்போதும் பெற்றோரின் இலக்கத்துக்கு அனுப்புங்கள். வகுப்பைக் காணொளியாகப் பதிவு செய்வதற்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், அந்தக் காணொளித் துண்டை ஒருபோதும் பேஸ்புக்கில் போடாதீர்கள். ‘எங்கள் மாணவி எவ்வளவு அழகாகத் திருக்குறள் சொல்கிறாள்’ என்று ஆசையில் போடுகிற காணொளியால் ஐரோப்பாவில் வழக்கே வரலாம். நம்மில் பலருக்கு உறைக்காத இடம் இதுதான்.

மாலைதீவு, டுபாய் வேலைக்கே போய்விடலாமா?

அது உங்கள் வீட்டுத் தீர்மானம். மாலைதீவுப் பாடசாலைகள் ஆங்கில மொழியில் நடப்பவை, அங்கே நம் நாட்டு ஆசிரியர்கள் நீண்ட காலமாக வேலை செய்கிறார்கள். போவதென்றால் ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்டுவிட்டு, பணியகத்தில் பதிந்துகொண்டு போங்கள்.

நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்கே கணித ஆசிரியர் இல்லை. இந்த நேரத்தில் வெளிநாட்டுப் பிள்ளைக்குப் படிப்பிப்பது நியாயமா?

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வர வேண்டும். என் பதில் இரண்டு பாகம். பாடசாலையை விட்டு முழுநேரமாக இதற்குப் போகிற ஒரு கணித ஆசிரியர் அந்தத் தோட்டத்துக்கு இழப்புத்தான், அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சம்பளம் போதாமல் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிற ஆசிரியர்களை நாம் ஏற்கெனவே இழந்துகொண்டுதான் இருக்கிறோம். சனி ஞாயிறில் நாலு மணித்தியாலம் வெளிநாட்டு வகுப்பு எடுத்து, திங்கட்கிழமை அதே பாடசாலைக்குப் போகிறவர் ஊரில் தங்கிவிட்ட ஆசிரியர்.

இரண்டாவது, நியமனம் கிடைக்காமல் வீட்டில் இருக்கிற டிப்ளோமாக்காரர்களும் பட்டதாரிகளும். அவர்கள் இதைச் செய்வதால் எந்தப் பிள்ளையும் எதையும் இழக்கவில்லை. வெளிநாட்டு வகுப்புக்காகத் தயாரித்த பணித்தாளை அச்சடித்துப் பக்கத்துப் பாடசாலைக்குக் கொடுக்கச் செலவு கடதாசிக்குத்தான். சில குழுக்களிடம் நான் சொல்வது: ஆறு பிள்ளைகள் காசு கட்டினால் ஏழாவது இடத்தை உங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்கு விடுங்கள். சூரிச் பிள்ளைக்குப் பேச ஒரு ஆள் கிடைக்கிறது, தோட்டத்துப் பிள்ளைக்குக் கணினி பழக ஒரு காரணம் கிடைக்கிறது. பெற்றோர் எவரும் இதற்கு மறுத்து நான் பார்த்ததில்லை.

தனியாகவா, பதிந்தா தொடங்க வேண்டும்?

முதல் தவணையைத் தனியாக, நாலைந்து பிள்ளைகளோடு நடத்திப் பாருங்கள். பிடித்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதியுங்கள், வெளிநாட்டுப் பள்ளிகளோடு ஒப்பந்தம் போட அது வேண்டும். மூன்று நான்கு ஆசிரியர்கள் சேர்ந்தால் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையையும் போய்ப் பாருங்கள். 1979இல் அமைந்த அந்தச் சபை சேவை ஏற்றுமதியாளர்களுக்கும் உரியது.

முடித்த பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கலாமா?

கொடுங்கள், ‘இத்தனை வாரம் வந்தார், இந்தப் பாடங்களைப் படித்தார்’ என்று மட்டும் எழுதி. அரசு முத்திரை போன்ற எதையும் வைக்காதீர்கள், ‘சர்வதேச’ என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள். பிள்ளையின் பெயரை அவர்கள் கடவுச்சீட்டில் எழுதுகிறபடி கேட்டு எழுதுங்கள்.